மருந்து கேட்குமா? முதலில் நாம் கேட்போம்

மூட்டுவலி மூலிகைகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ‘எல்லா வகை மூட்டுவலிக்கும் ஒரே சூரணம்’ என்று விளம்பரம் வருகிறது. எனக்கு வயது 63. இரண்டு முழங்காலும் வலிக்கிறது. வாங்கலாமா?

பதில்: ‘எல்லா வகை’ என்று சொன்ன இடத்திலேயே அந்த விளம்பரம் மாட்டிக்கொள்கிறது. மூட்டுவலி என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி, பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. மூட்டுத் தேய்மானத்தில் குருத்தெலும்பு மெலிகிறது, அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள தசையும் மாறுகின்றன. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. கவுட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டுக்குள் படிந்து அழற்சியைக் கிளப்புகின்றன. காரணங்கள் இவ்வளவு வேறாக இருக்கும்போது, மூன்றையும் ஒரே பொடி தீர்க்கும் என்பவர் ஒன்று நோயை அறியாதவர், அல்லது வெறும் வலிமருந்தை விற்கிறவர்.

உங்களுக்கு எது என்று ஓரளவு ஊகிக்க ஒரு வழி: காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணிக்குள் தளர்ந்துவிட்டு, நடந்தால் வலி கூடி, உட்கார்ந்தால் குறைந்தால் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். இறுக்கம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்து, கைவிரல் மூட்டுகள் இரு பக்கமும் வீங்கியிருந்தால் முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை தேவை. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்று என்றால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். அங்கே கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை.

கேள்வி: மாமியாருக்கு ஒரு மூலிகை மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். பத்து ஆண்டு வலி இரண்டே நாளில் போய்விட்டது. நன்றாகச் சாப்பிடுகிறார். முகம் மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் ஏறியிருக்கிறது. மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். தொடரலாமா?

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே எங்களை அதிகம் பதறவைத்தது இதுதான். வலி பறந்தது, பசி கூடியது, முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது: ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நேரும் நான்கும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

மூட்டுக்காக ஆராயப்பட்ட மூலிகைகளில் எதுவும் இரண்டு நாளில் இப்படி வேலை செய்வதில்லை. பலன் தந்தவைகூட வாரக்கணக்கில் மெதுவாகத்தான் தந்தன. சில மணி நேரத்தில் வலியை அடக்குபவை டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளும் டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளும். இவற்றை அரைத்து மூலிகைப் பொடியில் கலப்பது உலகெங்கும் பிடிபட்ட பழைய தந்திரம். ‘ஆர்ட்ரி கிங்’ என்ற பெயரில் மூட்டுக்கான துணை உணவாக விற்ற மாத்திரைகளில், லேபிளில் சொல்லாத டெக்சாமெத்தசோனும் டைக்ளோஃபினாக்கும் இருந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்தது. பக்கவாட்டில் பச்சை இலைப் படம் இருந்தால் உள்ளே இலைதான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் இன்றே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு சில வாரங்கள் தொடர்ந்து வந்தாலே, அட்ரினல் சுரப்பி தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்துத் திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மீதி மாத்திரைகளை டப்பாவோடு எடுத்துக்கொண்டு ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் போங்கள். ‘ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்ட்டிசால் (அந்தச் சுரப்பி தரும் இயற்கை ஸ்டீராய்டு) ரத்தப் பரிசோதனை சுரப்பியின் நிலையைக் காட்டும். தேவைப்பட்டால், அளவு தெரிந்த ஸ்டீராய்டுக்கு அவரை மாற்றி, படிப்படியாகக் குறைப்பார்கள். சிறுநீரகச் செயல்பாடு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கிடையில் மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியும் மயக்கமும் வந்தாலோ அவசரப் பிரிவுதான்.

‘ஸ்டீராய்டு இல்லை’ என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறதே என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். கலக்கத் துணிந்தவருக்கு அச்சிடுவது பெரிய காரியமா? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் கிடையாது. தண்ணீரில் கரைப்பது, எரித்துப் பார்ப்பதெல்லாம் வீண். ஆய்வகத்தில்தான் தெரியும்.

கேள்வி: தினமும் பாலில் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் குடிக்கிறேன். மஞ்சளின் குர்குமின் மூட்டுவலிக்கு வலிமாத்திரை அளவுக்கு வேலை செய்வதாக ஆய்வே இருக்கிறதாம். மிளகு சேர்த்தால் 20 மடங்கு பலனாமே?

பதில்: ஆய்வுகள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றில் கொடுத்தது உங்கள் டீஸ்பூன் இல்லை.

கணக்கைப் பாருங்கள். மஞ்சள்தூளில் குர்குமின் தோராயமாக 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் சுமார் 3 கிராம் என்றால் அதில் 90 மி.கி. முழங்கால் தேய்மான ஆய்வுகள் பலவற்றில் கொடுத்த பிரித்தெடுத்த குர்குமின் நாளொன்றுக்கு 1,000 மி.கி. அளவில் இருந்தது. தூளாக அந்த அளவை எட்ட 30 கிராமுக்கு மேல், அதாவது பத்துப் பதினோரு டீஸ்பூன் விழுங்க வேண்டும். ஆய்வின் பெயரைச் சொல்லித் தூளை விற்பது, மோட்டார் பந்தய முடிவைக் காட்டி மிதிவண்டி விற்பது போல. அந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களில் முடிந்தவை.

இருபது மடங்குக் கதை 1998-இல் வந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. ஆரோக்கியமான சிலருக்கு 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. கொடுத்து ரத்தத்தில் அளந்தார்கள். தனியாகக் கொடுத்த குர்குமின் ரத்தத்தில் கிட்டத்தட்டத் தென்படவே இல்லை. அதனோடு ஒப்பிட்டதால்தான் 2,000 சதவீதம் என்ற எண் வந்தது. ஒன்றுமில்லாததை எத்தனை மடங்காக்கினாலும் பெரிய எண்ணாகத்தான் தெரியும்! அங்கே யாருடைய மூட்டுவலியையும் அளக்கவில்லை.

உறிஞ்சுதல் கூடுவதற்கு இன்னொரு முகமும் உண்டு. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்ததாக இத்தாலியில் 2019-இல் தொடர்ச்சியாகப் பதிவுகள் வந்தன. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரிக்கை வெளியிட்டது. எல்லோருக்கும் நேர்வதில்லை. ஆனால் சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ மாத்திரையை அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். உங்கள் மஞ்சள் பாலை நிறுத்த வேண்டியதில்லை. அதை மருந்து என்று எண்ணாமல் குடியுங்கள்.

மாத்திரை வாங்குகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கவும். ‘1,000 மி.கி.’ என்பது எதன் எடை? வெறும் வேர்த்தூளா, சாறா, சாறு என்றால் அதில் செயல்படும் பொருள் எத்தனை சதவீதம்? ஒரு மாத்திரைக்கா, ஒரு வேளைக்கான இரண்டு மாத்திரைக்கா? பன்னிரண்டு மூலிகைகளின் பெயரை அடுக்கிவிட்டு மொத்தமாக 500 மி.கி. என்று மட்டும் போட்டிருந்தால், முதல் பெயர் 490-ஆகவும் மற்ற பதினொன்றும் சேர்ந்து 10-ஆகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க முடியாத எண் இருந்தும் இல்லாததுதான்.

கேள்வி: ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது: 50 சதவீத வலி குறைவு’ என்று போடுகிறார்கள். இதை எப்படிப் படிப்பது?

பதில்: உடனே ஒன்று கேளுங்கள்: எதோடு ஒப்பிட்டு?

மூட்டுத் தேய்மான வலி ஏறி இறங்கும் சுபாவம் கொண்டது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருந்து தேடுகிறார், ஆய்விலும் சேர்கிறார். உச்சத்துக்குப் பிறகு சற்றே இறங்குவது இயல்பு. அதோடு நம்பிக்கை, கவனிப்பு, மருத்துவரோடு பேசுவது எல்லாம் சேர்ந்து போலி மாத்திரை (பார்வைக்கு அதே மாதிரி, உள்ளே மருந்து இல்லாதது) எடுத்தவருக்கும் நன்றாகவே வலியைக் குறைக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: 100 புள்ளி அளவுகோலில் மூலிகைக் குழுவின் வலி 60-லிருந்து 30-க்கு வந்தது. விளம்பரம் ‘50 சதவீதம்’ என்கிறது. அதே ஆய்வில் போலி மாத்திரைக் குழு 60-லிருந்து 38-க்கு வந்திருந்தால், மூலிகையின் சொந்தச் சம்பாத்தியம் 8 புள்ளிதான். நோயாளியால் உணர முடிகிற வித்தியாசம் சுமார் 10 புள்ளியிலிருந்துதான் ஆரம்பமாகிறது.

போலி மாத்திரைக் குழுவே இல்லாத ஆய்வில் இந்தக் கழித்தலைச் செய்யவே முடியாது. பிரண்டை இதற்கு உதாரணம். உடற்பயிற்சி செய்யும் ஆண்கள் 29 பேருக்கு நாளொன்றுக்கு 3,200 மி.கி. பிரண்டைச் சாறு 8 வாரம் கொடுத்த ஆய்வு 2013-இல் வந்தது. மூட்டுவலி குறைந்ததாக எழுதினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லை. மேலும் ஆராயலாம் என்பதற்கு அது போதும், 70 வயது முழங்காலுக்கு உத்தரவாதம் தரப் போதாது.

எல்லாமே சுழி என்றும் நினைக்க வேண்டாம். சல்லகி என்றும் பாஸ்வெல்லியா என்றும் விற்கும் மரப்பிசினின் செறிவூட்டிய சாற்றை, நாளுக்கு 100 மி.கி. வீதம் 90 நாள் எடுத்தவர்களின் வலி 100-க்கு 23 என்றும், போலி மாத்திரை எடுத்தவர்களுடையது 40 என்றும் இருந்ததை 2014-இல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வு குறித்திருக்கிறது. 17 புள்ளி வித்தியாசம் கவனிக்கத்தக்கது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவர்கள் 85 பேர்தான். கொடுத்ததும் குறிப்பிட்ட செறிவூட்டிய சாறு, கடையில் கிடைக்கும் பிசின்தூள் இல்லை. நேர்மையான விளம்பரம் என்றால் ‘தேய்மானத்துக்கு, மூன்று மாதத்தில், ஓரளவு குறையலாம்’ என்று எழுதும். அப்படி எழுதிய டப்பா கண்ணில் படுவது அபூர்வம்.

எலியில் வேலை செய்தது என்று போட்டிருந்தால் அளவைப் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. என்றால், மனிதருக்கு மாற்ற ஏறக்குறைய ஆறால் வகுப்பது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் சாறு வரும். மாத்திரையில் 250 மி.கி. இருந்தால் மிச்சத்தை எலியிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: குருத்தெலும்பு மறுபடி வளர்ந்ததாக எக்ஸ்ரே படங்களை ‘முன் – பின்’ என்று காட்டுகிறார்களே?

பதில்: எக்ஸ்ரேயில் குருத்தெலும்பே தெரியாது. தெரிவது இரண்டு எலும்புக்கு நடுவிலுள்ள இடைவெளி. நின்றுகொண்டு எடுத்தால் உடல் எடை அழுத்தி இடைவெளி குறுகும், படுத்து எடுத்தால் அகலும். முழங்காலைச் சற்றே மடக்கினாலும் மாறும். முதல் படத்தை நிற்கவைத்தும் இரண்டாவதைப் படுக்கவைத்தும் எடுத்தால் ஒரு மாத்திரையும் இல்லாமலே குருத்தெலும்பு ‘வளர்ந்துவிடும்’. ரத்தக் குழாய் இல்லாத திசு என்பதால் தேய்ந்த குருத்தெலும்பு தானாகச் சீராவது மிகக் குறைவு. வாயால் விழுங்கி அதைத் திரும்ப வளர்த்ததாக நிரூபணமான மூலிகை இதுவரை எதுவும் இல்லை.

கேள்வி: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன். ‘முடக்கு அறுத்தான்’ என்று பெயரிலேயே மருத்துவம் இருக்கும்போது முடக்கத்தானுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறாதீர்கள். பெயர் சாட்சியம் ஆகாது. முடக்குவாதம் மூட்டை அரிப்பது முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பு திரும்புவதில்லை. மெத்தோட்ரெக்சேட் அந்த அரிப்பை மட்டுப்படுத்துகிறது. முடக்கத்தான் அப்படிச் செய்வதாக மனிதரிடம் காட்டிய தரமான ஆய்வு இல்லை. வலி சற்றுக் குறைந்து, அரிப்பு மட்டும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கீரையாகச் சமைத்து உண்பதில் தடையில்லை. செறிவூட்டிய மாத்திரை, சூரணம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட்டே கல்லீரலைக் கண்காணித்து எடுக்க வேண்டிய மருந்து. இன்னொன்று அதே கல்லீரலில் கைவைத்தால் எதனால் கெட்டது என்றே பிரிக்க முடியாது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். தவறிப்போய்த் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு.

கேள்வி: கவுட்டுக்குக் கொடுக்கும் கால்ச்சிசின் செங்காந்தளில் இருப்பதுதானாம். அப்படியானால் கிழங்கையே இடித்துச் சாப்பிட்டால் என்ன?

பதில்: சாப்பிட்டால் சாகலாம். செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு முழுவதும் கால்ச்சிசின் இருப்பது மெய்தான். கவுட் தாக்குதலுக்கு அது நல்ல மருந்து என்பதும் மெய். ஆனால் மாத்திரை ஒன்றில் இருப்பது 0.5 மி.கி. அளவுதான். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி இதில் மிகக் குறுகியது. கிழங்கிலுள்ள அளவு செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். கூடினால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி, பிறகு ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழப்பு. முறிவு மருந்து எளிதில் கிடைக்காது. மூலிகை ஆபத்தில்லாதது என்று சொல்பவர்களிடம் இந்தக் கிழங்கைக் காட்டலாம். ஆடுதீண்டாப்பாளையையும் சேர்த்துக் காட்டுங்கள்: அந்தக் குடும்பத்துச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும்.

‘யூரிக் அமிலத்தைக் கரைக்கும்’ என்று விற்கும் எதையும் எண்ணால் சோதிக்கலாம். ரத்தத்தில் 6 மி.கி./டெ.லி.க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்கிறதா? தாக்குதல் நடக்கும்போது அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டலாம். எனவே வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து எடுத்த எண்ணைத்தான் ‘முன்’ என்று கொள்ள வேண்டும்.

கேள்வி: மருந்து தொடங்கியதும் வலி கூடியது. ‘கழிவு வெளியேறுகிறது, பொறுங்கள்’ என்கிறார்கள்.

பதில்: குறைந்தால் மருந்தின் வெற்றி, கூடினாலும் மருந்தின் வெற்றி. தோற்கவே வழியில்லாத பந்தயத்தில் பணம் கட்டாதீர்கள். இரண்டு வாரமாக வலி கூடியே இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உலோகம், தாதுக்களைப் புடம்போட்டுச் செய்யும் செந்தூரமோ பற்பமோ சேர்ந்த மருந்து என்றால், வயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை வருகிறதா என்று கவனியுங்கள், ரத்தத்தில் ஈய அளவையும் பாருங்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது.

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு அறுவை நடந்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார். வெளியில் தடவும் தைலம்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது?

பதில்: தைலத்தில் மெதில் சாலிசிலேட் (விண்டர்கிரீன் எண்ணெய்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். தோல் வழியே ரத்தத்துக்குப் போகும். வார்ஃபரின் எடுப்பவர் தினமும் தாராளமாகத் தேய்த்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) ஏறி ரத்தக்கசிவு ஆகலாம். கலப்பில்லாத அந்த எண்ணெய் ஒரு டீஸ்பூனில் இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது. பேரக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வாய்வழியாக மஞ்சள், இஞ்சி, பூண்டுச் செறிவு மாத்திரைகள் எதுவும் அப்பாவுக்கு வேண்டாம். அறுவைக்கு நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகை மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, மயக்க மருத்துவரிடம் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

‘எலும்புவரை ஊடுருவும்’ என்ற தைலங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: தேய்க்கிற கையும் வெதுவெதுப்பும் தருகிற சுகம் உண்மை. மென்தால் தரும் குளுமை வலியிலிருந்து கவனத்தைத் திருப்புவதும் உண்மை. அதற்குமேல் சொல்வதெல்லாம் வியாபாரம். கொடிவேலி வேர், எருக்கம்பால், பச்சைப் பூண்டு விழுது இவற்றை வைத்துக் கட்டாதீர்கள். தோல் வெந்து கொப்புளம் வரும். சர்க்கரை நோயாளிக்கு அது ஆறாத புண்ணாகிவிடும்.

கேள்வி: மருத்துவர் தேய்மானம் என்று உறுதி செய்துவிட்டார். பாஸ்வெல்லியா மாத்திரை வாங்கியும் ஆகிவிட்டது. எனக்குக் கேட்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். வேறு மருந்து எடுப்பவராக இருந்தால் அந்தப் பட்டியலை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். கல்லீரல் பரிசோதனை ஒன்றும் எடுத்து வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் மாத்திரையைத் தொடாதீர்கள். தினமும் இரவு ஒரே நேரத்தில், அன்றைய வலிக்கு 0 முதல் 10-க்குள் ஓர் எண் போடுங்கள். அன்று விழுங்கிய வலிமாத்திரை எத்தனை என்றும் எழுதுங்கள். வாரம் ஒரு நாள், கையை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அடுத்து 8 வாரம் லேபிளில் சொன்ன அளவு மட்டும் எடுங்கள். இந்த 8 வாரத்தில் புது எண்ணெய், புதுப் பயிற்சி, புதுச் செருப்பு எதுவும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

முடிவில், முதல் இரண்டு வாரச் சராசரியையும் கடைசி இரண்டு வாரச் சராசரியையும் ஒப்பிடுங்கள். நல்ல நாளை மட்டும் எடுத்துப் பேசக் கூடாது. குறைந்தது 2 எண் இறங்கியிருக்க வேண்டும் என்று தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பிறகு மனசு பேரம் பேசும். 6-லிருந்து 5.2 ஆனால் டப்பாவை மூடிவிடலாம். 6-லிருந்து 3.5 ஆனால் நான்கு வாரம் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் வலி ஏறி, மறுபடி தொடங்கியதும் இறங்கினால் உங்களுக்குக் கேட்கிறது என்று ஓரளவு நம்பலாம். நிறுத்தியும் ஏறவே இல்லை என்றால் அது மாத்திரையின் புண்ணியம் இல்லை.

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் எடையையும் குறித்து வையுங்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. மாத்திரைச் சோதனை முடிந்ததும், அதே நோட்டில், அதே எண்களை வைத்து, தொடைத்தசைப் பயிற்சியை 8 வாரம் சோதியுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி 5 விநாடி நிறுத்தவும், காலுக்கு 10 முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். இரண்டு சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.